ஒரு தம்ளர் தண்ணீர்

என் தங்கை மகளின் சாவுக்கு அவளுடைய மாமியார் கொடுத்த கஷாயம் காரணமில்லை. தவறு என்னுடையது. அதை மறைக்க ஒரு டாக்டர் முன்னால் நான் சொன்ன ஒரு வாக்கியத்தால் அந்த அம்மாள் மகனையும் இழந்தார், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் தன் பெயரையும் இழந்தார். இதை வாயால் பலமுறை சொல்லிவிட்டேன். லயத்தில் யாரும் நம்பவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை பார்த்தார். நான் படித்து, கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். என் வேலை ஆன்டிபாடி தயாரிப்பது. உடம்புக்குள் வேற்றுப் பொருள் நுழைந்தால் அதைப் பிடிப்பதற்கென்று உடம்பு உண்டாக்கும் புரதம் அது. ஒன்று ஒரு பொருளைத்தான் பிடிக்கும், மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நான் தயாரித்தது, கர்ப்பிணியின் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோனைப் பிடிக்கும் ஆன்டிபாடி. அந்த ஹார்மோனை எலிக்கு ஊசியில் ஏற்றி, எலியின் உடம்பு செய்யும் ஆன்டிபாடியை நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

அதே ஹார்மோனை ஒருவகைப் புற்றுநோயும் சுரக்கிறது. குழந்தைக்காக வளர வேண்டிய நஞ்சுக்கொடியே கட்டுமீறிப் புற்றாக மாறும் நோய் அது. என் ஆன்டிபாடியின் முதுகில் மருந்தை ஏற்றி அனுப்பினால் அது அந்தப் புற்றைத் தேடிப்போய்க் கொல்லுமா என்பதுதான் நான் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வி. எலிகளில் கட்டி சுருங்கியது. அதற்குமேல் ஆராய்ச்சி நகரவில்லை. கடைசியில் என் ஆன்டிபாடி போய்ச் சேர்ந்த இடம் கர்ப்பம் பார்க்கும் காகிதப் பட்டை. சிறுநீரில் நனைத்து ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு கோடு வந்தால் உண்டு. அவ்வளவுதான் என் சாதனை. ஓய்வு பெற்ற நாளில் உடன் வேலை செய்தவர்கள் ஒரு பெட்டி நிறைய அந்தப் பட்டைகளைக் கேலியும் பாசமுமாகக் கையில் கொடுத்தார்கள். மனைவி ஏற்கெனவே போய்விட்டாள், பிள்ளைகள் இல்லை. அந்தப் பெட்டியோடு மலை ஏறி வந்து பிரிஞ்சாங்கில் வாடகைக்கு வீடு பிடித்தேன்.

நான் திரும்பி வந்ததற்குக் காரணம் என் தங்கை மகள். தங்கை இறந்த பிறகு எனக்கென்று மிஞ்சிய ஒரே உறவு அவள். கியா பார்மில் ஒரு ஸ்ட்ராபெரிக் கடையில் வேலை செய்தாள். கணவன் காய்கறி லோரி ஓட்டுகிறவன். கணவனோடும் மாமியாரோடும் தோட்டத்து லயத்தில் குடியிருந்தாள்.

கல்யாணமான புதிதில் ஒருமுறை கர்ப்பமாகி, இரண்டாம் மாதமே கலைந்துபோனது. அப்போது லயத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. யாருடைய கண்ணோ பட்டுவிட்டது என்று பேச்சு. ஆகவே அடுத்த முறை நாள் தள்ளியபோது, மூன்று மாதம் முடியும்வரை மூச்சுவிடக் கூடாது என்று வீட்டில் முடிவு செய்தார்கள். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். ஆனால் கிளினிக்குக்குப் போனால் ரகசியம் ஏது? தோட்டத்து வேனில் ஏறும்போதே பக்கத்து சீட்டுக்காரி கேட்பாள். கிளினிக்கில் இருக்கும் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், யாருக்காவது அத்தை மகளாக இருப்பாள். எனவே தாய்மாமன் வீட்டுக்கு வந்தாள். தாய்மாமனுக்குத் தெரிந்தால் கண் படாது.

ஒரு சின்ன போத்தலைப் பழைய பேப்பரில் சுற்றி, மேலே கோஸ் இலையைப் போட்டு மூடிக் கொண்டுவந்தாள்.

"மாமா, ஒங்க எலிக்கெல்லாம் பார்த்தீங்களே, எனக்கும் கொஞ்சம் பாருங்கலா."

"எலிக்கு நான் கர்ப்பம் பாக்கலம்மா."

"பின்ன இத்தன வருசமா அதுங்கள என்னதான் செஞ்சீங்க?"

பட்டையை நனைத்தேன். இரண்டு கோடுகள், இரண்டும் அழுத்தமாக. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த இரண்டாவது கோட்டில் இருந்தது என் ஆன்டிபாடி. ஆராய்ச்சியில் எந்தப் பாராட்டுக்கும் நான் அப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை. அங்கேதான் முதல் சறுக்கல் என்று இப்போது நினைக்கிறேன்.

"இனி வாரா வாரம் கொண்டா. காலைல எழுந்ததும் முதல்ல போறத மட்டும் புடி. ராத்திரி தண்ணி அதிகம் குடிக்காத. கெட்டியா இருந்தாத்தான் சரியாத் தெரியும்" என்றேன்.

அவள் அப்படியே செய்தாள். அடுத்தடுத்த வாரங்களில் அந்தக் கோடு மங்கியது. பிறகு இன்னும் மங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அது இல்லை.

இடையில் அவளுக்குக் குமட்டல் தாங்கவில்லை. கடையில் பழம் பொறுக்கும்போதே வாந்தி எடுத்தாள். உள்ளாடையில் லேசாகப் பழுப்புக் கறை தெரிந்தது. எல்லாவற்றுக்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. கரு தானாகக் கரைந்துகொண்டிருக்கிறது, அதனால் கறை. உடம்புக்கு அது இன்னும் புரியவில்லை, அதனால் வாந்தி. கோடு மங்குவதுதான் சான்று. அவள் ஒரே ஒருமுறை மறுத்துப் பேசினாள்.

"ஆனா மாமா, உள்ள என்னமோ இருக்கிற மாதிரியே இருக்கு. பாவாடை நாடா எட்டல."

"வாயுத் தொல்லம்மா அது. கிளினிக்குக்குப் போயி ஊரைக் கூட்டாத. நான் இருக்கேன்ல."

மாமியாரிடமும், பட்டையைப் பற்றிப் பேசாமல், கரு கரைந்துவிட்டது என்று நானே சொன்னேன். அந்த அம்மாள் தோட்டத்தில் பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பத்தியம் சமைத்துக் கொடுப்பவர். யார் வீட்டில் பிரசவம் என்றாலும் முதலில் அவர் வீட்டுக்குத்தான் ஆள் போகும். என்னை 'அண்ணே' என்று கூப்பிடுவார்.

"அப்ப வயித்தச் சுத்தம் பண்ண எள்ளும் கருஞ்சீரகமும் போட்டுக் கஷாயம் வச்சுக் குடுக்கவாண்ணே? படிச்சவங்க நீங்க, வேணாம்னா விட்டுர்றேன்."

"குடுங்க. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

உண்மையில் அதனால் ஒன்றும் ஆகவில்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கஷாயத்தால் ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு மாதங்கள் கழித்து, கடையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே இரத்தம் கொட்டத் தொடங்கியது. கணவன் லோரியில் ஏற்றிக்கொண்டு மலையடிவார ஆஸ்பத்திரிக்கு இறங்கினான். அங்கிருந்து ஆம்புலன்சில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி. நான் மாமியாரோடு பின்னால் காரில் போனேன். வளைவுக்கு வளைவு அந்த அம்மாள் "முருகா, முருகா" என்று கதவைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அங்கே ஒரு தமிழ்ப் பெண் டாக்டர். இளவயது. ஸ்கேனைக் காட்டினார். கருப்பையில் குழந்தை இல்லை. திராட்சைக் குலை போல நீர்க்கொப்புளங்கள் நிரம்பியிருந்தன.

"இத முத்துப்பிள்ளைன்னு சொல்லுவாங்க. நஞ்சுக்கொடி மட்டும் வளந்திருக்கு. ஹார்மோன் எக்கச்சக்கம். எங்க மெஷினாலேயே நேரடியா அளக்க முடியல, இரத்தத்தப் பல தடவை நீர்க்கவச்சு அளந்தோம்."

நீர்க்கவைத்து என்ற சொல் காதில் விழுந்த கணத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் நான் எடுக்கும் பாடம் அது. கொழுந்து மூட்டையை வைத்துச் சொல்வேன். பட்டையில் கோடு போட்ட இடத்தில் ஓர் ஆள் நிற்கிறான், அவன் நகரமாட்டான். கையில் சாயத்தோடு இன்னோர் ஆள் நடந்து வருகிறான். ஒரே மூட்டையை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் சாயக்காரன் அங்கே நிற்பான், கோடு தெரியும். மூட்டை இல்லாவிட்டால் கோடு இல்லை. ஆனால் மூட்டைகள் மலைபோல் குவிந்துவிட்டால்? நிற்பவன் ஒரு மூட்டையைப் பிடித்துக்கொள்வான், நடப்பவன் வேறொரு மூட்டையைப் பிடித்துக்கொள்வான். ஒரே மூட்டையை இருவரும் பிடிக்கும் வாய்ப்பே இருக்காது. அப்போதும் கோடு இல்லை. எனவே ஹார்மோன் அளவுக்கு மீறிப் பெருகினால் பட்டை 'இல்லை' என்று பொய் சொல்லும். சந்தேகம் வந்தால் தண்ணீர் கலந்து பாருங்கள் என்று முடிப்பேன். மாணவர்கள் மூட்டை உதாரணத்துக்குச் சிரிப்பார்கள்.

அவளுடைய கோடு மங்கியது ஹார்மோன் குறைந்ததால் அல்ல, ஏறியதால். நான் தண்ணீர் கலக்கவில்லை. கலக்காததோடு நிற்காமல், தண்ணீரே குடிக்காதே, கெட்டியாகக் கொண்டுவா என்று அவளிடம் சொன்னேன். வாந்தி, கறை, எட்டாத நாடா எல்லாம் பாடப் புத்தகத்தில் வரிசையாக இருப்பவை. அவற்றை ஒவ்வொன்றாக அவளே என்னிடம் கொண்டுவந்து தந்தாள். என் பட்டை பொய் சொல்லும் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

டாக்டர் கேட்டார்: "இவ்வளவு நாளா யாருமே டெஸ்ட் பண்ணிப் பார்க்கலியா?"

பக்கத்தில் அவள் கணவன் நின்றான். மாமியார் வெளியே பெஞ்சில் இருந்தார். என் நாக்கு தானாகப் புரண்டது என்று எழுத ஆசை. அப்படியில்லை, நான் யோசித்துத்தான் சொன்னேன்.

"வீட்ல என்னமோ நாட்டு மருந்து குடுத்திருக்காங்க, டாக்டர்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கண்ணாடி வழியாக வெளியே தன் அம்மாவைப் பார்த்தான்.

முத்துப்பிள்ளையை அகற்றினார்கள். ஆனால் அது அதற்குள் புற்றாக மாறி நுரையீரலுக்குப் போயிருந்தது. இந்தப் புற்று சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாகிவிடும் வகை. டாக்டர் இதை ஆறுதலாகச் சொன்னார். மருந்து ஏற்றினார்கள். ஹார்மோன் இறங்கியது, லயத்தில் கோயிலுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார்கள். பிறகு ஏறியது. வேறு மருந்து, மறுபடி இறக்கம், மறுபடி ஏற்றம்.

அவள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு படுத்திருப்பாள். ஒருநாள் கேட்டாள்:

"மாமா, ஒங்க மருந்து ஒண்ணு இருந்துச்சுல்ல, எலிக்குப் போட்டது. அத எனக்குப் போடக்கூடாதா?"

"அது எலிக்குத்தாம்மா."

"நானும் எலி மாதிரிதான் ஆயிட்டேன். முடிகூட இல்ல பாருங்க."

அன்றே கோலாலம்பூருக்கு ஓட்டிப்போனேன். என் ஆன்டிபாடியைச் சுரக்கும் எலி உயிரணுக்கள் இன்னும் அங்கே உறைநிலையில் இருந்தன. இப்போது பொறுப்பில் இருப்பவன் என்னிடம் பயின்றவன். அவன் மேசைக்கு முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் பதறி எழுந்துவிட்டான்.

"சார், உக்காருங்க சார். மனுசனுக்குப் போட்டுப் பார்க்காத மருந்து. சுத்திகரிக்கவே மாசக்கணக்காகும். நீங்கதான சார் எங்களுக்கு இதச் சொல்லிக் குடுத்தீங்க?"

"சுத்தம் பண்ண வேணாம். அப்படியே குடு. நான் கையெழுத்துப் போடுறேன், ஜெயிலுக்குப் போறேன்."

அவன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அதைத் தொடாமல் வந்துவிட்டேன்.

கடைசி வாரங்களில் ஒருநாள், கணவன் வெளியே போயிருந்த நேரத்தில், அவள் மெல்லிய குரலில் கேட்டாள்: "அப்ப அந்தக் கோடு ஏன் மாமா மறைஞ்சுது?"

அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் ஒருத்திக்குத்தான் முழு உரிமையும் இருந்தது.

"சில நேரம் அப்படித்தாம்மா" என்றேன்.

"ம்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். நான் பட்டை பார்த்ததை அவள் கணவனிடம்கூடக் கடைசிவரை சொல்லவில்லை. மூச்சுவிடக் கூடாது என்ற அந்த மூன்று மாத முடிவையே காத்தாளா, என்னைக் காப்பாற்றினாளா, தெரியாது.

அவள் போன பிறகு கணவன் அம்மா கையால் சோறு வாங்கவில்லை. கருமாதி முடிந்ததும் ரிங்லெட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். லயத்துப் பெண்கள் அந்த அம்மாளை வளைகாப்புக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பிரசவமான வீட்டுக்கு அவர் பூண்டுக் குழம்பு கொண்டுபோனால், வாங்கி வைத்துக்கொண்டு, அவர் தலை மறைந்ததும் வடிகாலில் ஊற்றினார்கள். அவர் என்னிடம் ஒருநாளும் "நீங்கதானண்ணே குடுக்கச் சொன்னீங்க" என்று கேட்கவில்லை. தன் கஷாயம்தான் கொன்றது என்று அவரும் நம்பியிருந்தார்.

இரண்டு வருடம் அதைப் பார்த்துக்கொண்டு பிரிஞ்சாங்கில் சாப்பிட்டேன், தூங்கினேன்.

பிறகு ஒரு மத்தியானம் மழையில் அவர் வீட்டுக்குப் போனேன். தனியாக உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை கீரையிலேயே இருந்தது. முடித்ததும், "எனக்காக இப்படிச் சொல்லாதீங்கண்ணே, பாவம் அது" என்றார்.

சரி, எல்லோர் முன்னாலும் சொல்கிறேன் என்று தோட்டத்துக் கோயில் திருவிழாவில், அன்னதானம் முடிந்த நேரம், மைக்கை வாங்கினேன். சொன்னேன். மூட்டை உதாரணத்தைக்கூடச் சொன்னேன். கூட்டம் கடைசிவரை கேட்டது. பழைய கங்காணியின் மகன், இப்போது கோயில் தலைவர், என் தோளைத் தட்டி மைக்கை வாங்கிக்கொண்டார்.

"பாருங்க. படிச்ச மனுசன். அந்தக் கெழவி மேல இருக்கிற பழிய தன் தலைல தூக்கிப் போட்டுக்குறாரு. இந்த மனசு யாருக்கு வரும்?"

கை தட்டினார்கள். பந்தல் ஓரத்தில் ஒருவன், "சயின்ஸ் சார் எலிக்குப் பாடம் எடுத்து எடுத்து நமக்கும் எடுத்துட்டாரு லா" என்றான், சிரித்தார்கள். ஒரு பெண் எனக்குப் பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள்.

இனிக் கண்ணால் காட்டினால்தான் உண்டு என்று தோன்றியது. கோலாலம்பூர் மாணவனிடம் கேட்டு அந்த ஹார்மோனைக் கெட்டியாகக் கொஞ்சம் வாங்கி வந்தேன். ரிங்லெட்டுக்குப் போய், லோரிக்குக் கீழே படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தவனிடம், "ஒரே ஒருதடவை அம்மா வீட்டுக்கு வா. அப்புறம் ஒன் இஷ்டம்" என்று கெஞ்சினேன்.

"எதுக்கு மாமா? முடிஞ்சது முடிஞ்சுது."

"முடியல. ஒங்கம்மாவுக்கு இன்னும் முடியல."

வந்தான். மேசை அருகே உட்காராமல் நின்றான். என் பெட்டியிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, கெட்டியான ஹார்மோனில் நனைத்தேன். ஒரு கோடு.

"இதான் நான் பார்த்தது" என்றேன்.

அந்த அம்மாளிடம் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்தார். ஹார்மோனில் ஒரு துளியை அதில் விட்டுக் கலக்கி, இன்னொரு பட்டையை நனைத்தேன். மூவரும் குனிந்து பார்த்தோம். முதல் கோடு வந்தது. அதன் பக்கத்தில், மெதுவாக, இரண்டாவது.

அந்த அம்மாள் இரண்டு பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒரு தம்ளர் தண்ணியாண்ணே?" என்றார் அவர். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் வெளியே போய் லோரியில் ஏறி உட்கார்ந்தான். கிளப்பவில்லை. அந்த அம்மாள் அடுப்பைப் பற்றவைத்தார். டீ கொதித்து அடங்கிய பிறகு அவன் உள்ளே வந்தான். அம்மா நீட்டியதை வாங்கி நின்றபடியே குடித்தான், கண்ணைத் துடைக்காமல். எனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றியிருந்தார். நான் கையை நீட்டியபோது அவன் அதை எடுத்துக் கழுவுதொட்டியில் கவிழ்த்தான்.

"நீங்க இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க, மாமா."

அந்த அம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து வந்தேன். அவன் சொன்னது நியாயம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுடைய லோரி லயத்துக்குப் போகும் பாதையில் நிற்பதை மேலே சாலையிலிருந்து பார்க்கிறேன். மகன் கிடைத்துவிட்டான். வருடத் திதிக்கு என்னைக் கூப்பிடவில்லை, நான் போகவும் இல்லை.

ஆனால் லயம் மாறவில்லை. அவன் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறான். பெற்ற தாயை விட்டுக்கொடுப்பானா என்று பேசிக்கொண்டார்களாம். குழம்பு இன்னும் வடிகாலுக்குத்தான் போகிறது.

போன வாரம் காலையில் பிரிஞ்சாங் காய்கறிக் கடையில் நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு பெண், வயிறு தள்ளிய இன்னொருத்தியிடம் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது:

"பாவம், அந்த சார்தான். தங்கச்சி மகளப் பறிகொடுத்தவரு. மாமியாக்காரி என்னத்தையோ காய்ச்சிக் குடுத்துக் கொன்னுட்டாளாம். நீ யாரு குடுத்தாலும் வாங்கிக் குடிச்சிறாத."

நான் திரும்பினேன். இருவரும் சங்கடப்பட்டுச் சிரித்தார்கள். பையைத் தரையில் வைத்துவிட்டு, "இல்லம்மா, அது அப்படி இல்ல" என்று முதலிலிருந்து தொடங்கினேன்.